மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ஒரு படக்கதை

போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மொபைல் ஸ்டார்ட்டரைப் பற்றித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி. உள்ளே ஒரு சிம் கார்டு, வெளியே விரல் நீள ஆன்டெனா. அந்த நம்பருக்கு அடித்தால் போர்வெல்லில் மோட்டார் ஓடும். கோயம்புத்தூரில் பம்ப் தொழிலை ஒட்டி இதைச் செய்து விற்கும் சின்னக் கம்பெனிகள் உண்டு. அப்படி ஒன்றில், ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மாடலைப் புதுப்பிக்கும் வேலையில் சேர்ந்துகொண்டேன். சர்க்யூட், கரண்டைப் போட்டு நிறுத்தும் ரிலே, பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் எல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெட்டியும் அதை வாங்கியவரும் எப்படிப் பேசிக்கொள்வது என்பதை முடிவு செய்வது என் பங்கு. அதற்கு ஸ்டோரிபோர்டை, அதாவது நடப்பதைக் கட்டம் கட்டமாக வரைந்து அடுக்கும் படக்கதையை, எப்படிப் பயன்படுத்தினேன், அதில் என்னென்ன வெளியே வந்தன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கையில் கொடுத்தது ஒரு ஃப்ளோ சார்ட். அழைப்பு வந்ததா, பதிவு செய்த நம்பரா, மூன்று பேஸும் இருக்கிறதா, வோல்டேஜ் சரியா, சரி என்றால் ரிலேயைப் போடு. சுத்தமான வேலை. ஃபர்ம்வேர் எழுதுகிறவருக்கு அதுதான் வேண்டும். ஆனால் எனக்கு வந்த கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை. போன் அடிப்பவர் எங்கே நிற்கிறார்? அவர் கையில் அப்போது வேறு என்ன இருக்கிறது? மோட்டார் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? கரண்டுக்கு ஒரு கட்டம் இருந்தது, நெட்வொர்க்குக்கு ஒரு கட்டம் இருந்தது, ஆளுக்கு ஒன்றுமில்லை.

ஸ்டோரிபோர்டு சினிமாக்காரர்களிடமிருந்து வந்தது. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவில் காட்சிகளைத் தனித்தனித் தாளில் வரைந்து, பலகையில் வரிசையாகக் குத்தி வைத்து, நின்று பார்த்துப் பேசி மாற்றும் வழக்கம் உருவானது. வெப் ஸ்மித் என்ற ஓவியர் தொடங்கி வைத்தார் என்பார்கள். நமக்கு அதில் முக்கியமானது அந்தத் தனித்தனித் தாள்தான். ஒன்றைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்த முடிய வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரே பக்கத்தில் அடுக்கி அனுப்பினால் யாரும் வரிசையைத் தொட மாட்டார்கள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பொருள் வடிவமைப்புக்கு ஸ்டோரிபோர்டு வரைவதைப் பற்றி 2006இல் ட்ருவாங், ஹேய்ஸ், அபௌட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். எவ்வளவு நுணுக்கமாக வரைவது, எழுத்து சேர்ப்பதா, ஆட்களையும் அவர்கள் உணர்ச்சியையும் காட்டுவதா, எத்தனை கட்டம், காலம் கடப்பதைக் காட்டுவதா என்று 5 விஷயங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கதைக்கு 3 முதல் 5 கட்டம் போதும், விவரத்தைக் குறை, ஆள் இருக்கட்டும் என்பது சாரம். இதெல்லாம் எனக்கும் ஒத்துவந்தது. காலத்தைத் தேவைப்பட்டால் மட்டும் காட்டு என்று அவர்கள் சொன்னதை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. போனில் விரலால் தள்ளிப் பார்க்கும் ஆப்புக்கு அது சரியாக இருக்கலாம். காலையில் போட்ட மோட்டார் மத்தியானம் தண்ணீர் வற்றி நிற்கிறது என்றால் கதையே காலத்தில்தான் இருக்கிறது.

நான் வைத்துக்கொண்ட முறை இது. ஏ4 தாளை நான்காக வெட்டி, ஒரு துண்டுக்கு ஒரு கட்டம். மேல் முக்கால் பங்கு படம். கீழே மூன்று வரி: மணி என்ன, கை எங்கே இருக்கிறது, பெட்டி என்ன சொல்கிறது. நான்காவதாக ஒன்று எழுதத் தோன்றினால் அதற்குத் தனிக் கட்டம். எழுத பால்பாயிண்ட் பேனா, பெட்டி பேசுவதற்கு மட்டும் சிவப்பு. சிவப்பு வரி எந்தக் கட்டத்தில் நீளமாக இருக்கிறதோ, அங்கே ஏதோ கோளாறு என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

படம் வரையத் தெரியாதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கும் அவ்வளவாக வராது. தோட்டத்தில் போனில் எடுத்த போட்டோக்களை டேப்லெட்டில் பெரிதாக்கி, மேலே டிரேசிங் பேப்பரை வைத்து வெளிக்கோட்டை மட்டும் இழுத்தேன். கட்டில், வால்வு, மோட்டார் கொட்டகை, டிவிஎஸ் எக்ஸெல், அவ்வளவுதான். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் ஸ்டோரிபோர்டு படங்களை மட்டும் தொடவேண்டாம் என்பேன். அதில் வரும் ஆட்களெல்லாம் ஏசி அறையில் லேப்டாப்போடு சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படத்தில் பெட்டி சொல்வது எல்லாம் சரியாகத்தான் தெரியும். தோளில் துண்டும் முழங்கால் வரை சேறுமாக ஒருவரை வரைந்த பிறகுதான் அதே வாக்கியம் உதைக்கும்.

உதைத்தது முதல் கதையிலேயே. ஒரு சாதாரணக் காலை; கோளாறு ஏதும் இல்லாத நாள். பழைய மாடல் நடந்துகொள்ளும் விதத்தை அப்படியே வரைந்தேன். மூன்றாவது கட்டத்தின் கீழே எழுதியது இது:

மணி: காலை 6.40.
கை: ஒன்று பால் கேனில், ஒன்றில் போன், தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கப் பார்க்கிறார்.
பெட்டி: "வணக்கம். தங்கள் மின்மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிக்கு வரவேற்கிறோம். மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும். மோட்டாரை நிறுத்த எண் இரண்டை அழுத்தவும். மின்சார நிலையை அறிய..."

சிவப்பு மை அந்தத் துண்டில் கொள்ளாமல் பின்பக்கம் போயிற்று. எண்ணை அமுக்க போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் பெட்டி சொல்வது கேட்காது. ஃப்ளோ சார்ட்டில் இது 'எண் உள்ளீடு' என்று ஒரு சின்ன வைர வடிவக் கட்டம்.

இதற்கு மாற்றாகச் சந்தையில் இருப்பது மிஸ்டு கால் முறை. ஒரு தடவை அடித்தால் ஓடும், மறுபடி அடித்தால் நிற்கும். கை வேலையாக இருக்கிறவருக்கு இது சுலபம் என்று எல்லோரும் அதன் பக்கம் சாய்ந்தார்கள். அதையும் கட்டமாக வரைந்தோம். முதல் கட்டம், அடிக்கிறார். இரண்டாவது கட்டம், சிக்னல் இழுக்கிறது. போனில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது கட்டம், போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அடிக்கிறார். இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மோட்டார் கொட்டகையை ஒரு துண்டில் வரைந்து செருகினேன்: மோட்டார் அங்கே ஓட ஆரம்பித்துவிட்டது. அடுத்த அழைப்பு அதை நிறுத்திவிடுகிறது. அவர் மோட்டார் ஓடுவதாக நினைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறார்.

செருகிய அந்தத் துண்டுதான் பிறகு எங்கள் வழக்கமாயிற்று. பலகையில் இரண்டு வரிசை. மேலே ஆள் இருக்கும் இடம், கீழே மோட்டார் இருக்கும் இடம். ஒரே மணிக்கு இரண்டு இடத்திலும் என்ன நடக்கிறது என்று மேலும் கீழுமாகப் பார்க்கலாம். தூரத்திலிருந்து இயக்கும் எந்தப் பொருளுக்கும் இப்படி இரட்டை வரிசையாகத்தான் வரைய வேண்டும் என்று இப்போது பிடிவாதமாக இருக்கிறேன். பெரும்பாலான பிரச்சினை மேல் வரிசையில் ஒன்று, கீழ் வரிசையில் ஒன்று என்று கதை பிரியும் இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

கடைசியில் வந்த தீர்வு: ஒரு நம்பர் போட, ஒரு நம்பர் நிறுத்த. பெட்டிக்கு இரண்டு சிம். போடும் நம்பருக்கு எத்தனை தடவை அடித்தாலும் ஓடும் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெட்டி அழைப்பை எடுக்காது, கட் செய்யும். கரண்ட் ஒரு நிலைக்கு வந்த பிறகு அதுவே திருப்பி அடித்து ஒரு வரி சொல்லும். இரண்டாவது சிம்முக்கு ஆகும் செலவைப் பற்றிக் கம்பெனியில் பெரிய வாக்குவாதம் நடந்தது. பலகையைக் காட்டிய பிறகு கொஞ்சம் அடங்கியது, முழுதாக இல்லை. இன்றைக்கும் ஒற்றை சிம் மாடலும் விற்கிறார்கள். அதில் எண் அமுக்கும் முறையை வைத்து, வரவேற்புரையை வெட்டிவிட்டோம்.

பலகையை ஆபீசிலேயே வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் நம் கற்பனையையே நாமே மெச்சிக்கொள்வோம். துண்டுகளை ஒரு கிளிப்பில் சேர்த்து எடுத்துக்கொண்டு சுல்தான்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். தென்னை, ஊடே தக்காளி, சொட்டுநீர். திண்ணையில் துண்டுகளைப் பரப்பி வைத்தேன். பழைய மாடலைப் பயன்படுத்துபவர் தோட்டக்காரர்தான் என்று சர்வீஸ் பதிவில் இருந்தது, அதனால் எல்லாக் கட்டத்திலும் மீசை வைத்த ஓர் ஆள். அவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பின்னால் நின்ற அவர் மனைவி ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, இவரு எதுக்குப் போனெடுக்கறாரு? தினோம் மோட்டாரு போடறது நானுங்கல்ல."

"போன் நம்பர் அண்ணன் பேர்ல இருந்துச்சுங்க அக்கா."

"பேரு அவருதுதானுங்க. போனு எங்கிட்டத்தானே கெடக்குது."

பேசிக்கொண்டே வரிசையையும் மாற்றினார். வால்வு திறக்கும் கட்டத்தை நான் போன் அடிப்பதற்குப் பின்னால் வைத்திருந்தேன். அவர் அதை எடுத்து முன்னால் வைத்தார். எந்தப் பகுதிக்குத் தண்ணீர் போக வேண்டுமோ அந்த கேட் வால்வைத் திறந்துவிட்டுத்தான் மோட்டாரைப் போட வேண்டும்; எல்லாம் மூடியிருக்கும்போது போட்டால் பைப் பிய்த்துக்கொள்ளும். அதனால் அவர் போன் அடிப்பது வீட்டு வாசலில் இருந்து இல்லை, வால்வுக் குழிக்குப் பக்கத்தில் இருந்து. ஒரு கையில் ஈரம், சிக்னல் குறைவு, மோட்டார் சத்தம் எட்டாது. ஆனால் பைப்பில் காதை வைத்தால் தண்ணீர் வருவது தெரியும். அவருக்கு மோட்டார் ஓடுகிறதா என்பதைச் சொல்ல எங்கள் பெட்டி தேவையே இல்லை. இரண்டு நிமிடம் பொறுத்தால் பைப்பே சொல்லிவிடும். ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்பதுதான் அவருக்கு வேண்டும். பேஸ் போய்விட்டதா, ஓவர்லோடில் டிரிப் ஆகிவிட்டதா, இல்லை போரில் தண்ணீரே இல்லையா. ஒவ்வொன்றுக்கும் அவர் கூப்பிடும் ஆள் வேறு. பேஸ் இல்லையென்றால் லைன்மேன், டிரிப் என்றால் எலக்ட்ரீஷியன், தண்ணீர் இல்லையென்றால் யாரையும் கூப்பிட்டுப் பயனில்லை, சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பெட்டிக்கு இதெல்லாம் தெரியும். மூன்று பேஸையும் அது தனித்தனியாகப் பார்க்கிறது; ஒன்று போனால் மோட்டாரை நிறுத்துகிறது, ஏனென்றால் மீதி இரண்டில் ஓடினால் கரண்ட் ஏறி மோட்டாரின் காயில் கருகிவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாருக்கு வேலை குறைந்து கரண்ட் இறங்கும். அதை வைத்து ட்ரை ரன் என்று கண்டுபிடிக்கிறது. இவ்வளவும் தெரிந்த பெட்டி பழைய மாடலில் சொன்னது "மோட்டார் இயங்கவில்லை" என்று மட்டும்.

அங்கிருந்து வந்ததும் செய்த முதல் வேலை, எல்லாத் துண்டிலும் மீசையை எடுத்தது. இரண்டாவது, பெட்டி பேசும் வரிகளைத் திரும்ப எழுதியது.

குரலைப் பதிவு செய்யுமுன் நாங்களே பெட்டியாக நடித்துப் பார்த்தோம். அதே தோட்டத்தில் சர்வீஸ் தம்பி மோட்டார் கொட்டகையில் பச்சை பட்டனுக்குப் பக்கத்தில் நிற்பார். நான் தென்னைக்கு அடியில் ஒரு போனோடு. அக்கா என் நம்பருக்கு அடித்துவிட்டு கட் செய்வார். நான் சர்வீஸ் தம்பிக்குக் கை காட்டுவேன். அவர் பட்டனை அமுக்குவார். நான் திருப்பி அடித்து, பெட்டி சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதற்கு மேல் கேட்டாலும் பதில் பேசக்கூடாது என்பது விதி. இதில் ஒரு பைசா செலவில்லை, ஒரு வரி புரோகிராம் எழுதவில்லை. ஆனால் "மின்மோட்டார் வெற்றிகரமாக இயக்கப்பட்டது" என்ற வாக்கியத்தை நானே என் வாயால் இன்னொருவருக்குப் போனில் சொன்னபோது பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். "மோட்டார் ஓடுது" என்று மாறியது.

பேஸ் போனதற்கு, "மோட்டார் ஓடலை. ஒரு பேஸ் வரலை." தண்ணீர் வற்றியதற்கு, "மோட்டார் நின்னுருச்சு. போர்ல தண்ணி இல்லை." காரணம் முதலில் வர வேண்டுமா, மோட்டார் நிலை முதலில் வர வேண்டுமா என்று இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தோம். காரணத்தை முதலில் சொன்னால், அழைப்பை எடுத்துக் காதில் வைப்பதற்குள் முக்கியமான சொல் போய்விடுகிறது. மோட்டார் என்ற சொல் முதலில் வந்தால் அது விழுங்கப்பட்டாலும் பரவாயில்லை. யாரிடமிருந்து அழைப்பு என்று நம்பரே சொல்லிவிடுகிறதே.

சரி, இப்போது அந்தப் பலகையில் வந்த மிகக் கனமான கட்டத்துக்கு வருகிறேன். இரட்டை வரிசை வைத்த பிறகு ஒரு விளையாட்டு மாதிரி, மேல் வரிசையை அப்படியே வைத்துவிட்டுக் கீழ் வரிசைத் துண்டுகளை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். மேலே ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்து போடும் நம்பருக்கு அடிக்கிறார். கீழே என்னென்ன நடந்துகொண்டிருக்கலாம்? மோட்டார் சும்மா இருக்கலாம். பேஸ் இல்லாமல் இருக்கலாம். யாரோ ஒருவர் ஸ்டார்ட்டரைத் திறந்து உள்ளே கைவிட்டுக்கொண்டிருக்கலாம்.

அந்தத் துண்டை வைத்ததும் பேச்சு நின்றது. பழைய மாடலில் அதற்கு ஒரு ஏற்பாடும் இல்லை. மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் எலக்ட்ரீஷியன் கை வைப்பார் என்று ஒருவர் சொன்னார். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு இதே துண்டைக் காட்டினோம். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்குவனுங்க. யாரு வந்து என்ன பண்ணாலும் கட்டை எங்கிட்ட இருக்குதில்ல" என்றார். ரொம்ப நல்ல முறை, வேறு எந்தப் பூட்டும் இதற்கு ஈடில்லை. ஆனால் தொடர்ந்து அவரே சொன்னார்: பேஸ் வருகிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்க்கவோ, மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் கான்டாக்டர் இழுக்கிறதா என்று பார்க்கவோ கரண்ட் வேண்டும். அப்போது கட்டை அதன் இடத்தில்தான் இருக்கும். கொட்டகையில் அவர் மட்டும்தான் இருக்கிறார் என்பதால் பழைய காலத்தில் அது அவ்வளவு ஆபத்தில்லை. பச்சை பட்டனை அமுக்க அங்கே வேறு ஆள் வர வேண்டும், வந்தால் தெரிந்துவிடும். சிம் கார்டு வந்த பிறகு பட்டனை அமுக்குகிறவர் எங்கோ இருக்கிறார்.

பெட்டியின் முகப்பில் ஒரு திருகு சுவிட்ச் வந்தது. ஒரு பக்கம் 'போன்', மறு பக்கம் 'ஆள்'. 'ஆள்' பக்கம் திருப்பினால் போன் மூலம் மோட்டாரைப் போட முடியாது. இதை ஃபர்ம்வேரில் ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாம் என்று முதலில் யோசனை வந்தது. எழுத ஐந்து நிமிடம் ஆகாது. எலக்ட்ரானிக்ஸ் பார்த்தவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரிலேயின் காயிலுக்குப் போகும் ஒயரையே சுவிட்ச் வழியாகக் கொண்டுபோய்விட்டார். ஃபர்ம்வேர் தொங்கிப்போனாலும், யாராவது புதுப் பதிப்பில் அந்த வரியை விட்டுவிட்டாலும் ஒயர் ஒயர்தான்.

அப்புறம் ஒரு யோசனை: எலக்ட்ரீஷியன் வேலை முடிந்து சுவிட்சைத் திருப்ப மறந்துவிட்டுப் போய்விட்டால்? சொந்தக்காரர் ராத்திரி போன் அடித்து ஓடவில்லை என்று சர்வீஸுக்குக் கூப்பிடுவார். அதனால் ஒரு மணி நேரம் கழித்துப் பூட்டு தானாக விடுபடட்டும் என்றார்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. அதைப் பலகையில் கட்டங்களாக வைத்தோம். 11.10, சுவிட்சை 'ஆள்' பக்கம் திருப்புகிறார். 11.30, கான்டாக்டர் போய்விட்டது என்று தெரிகிறது. 11.40, புதிது வாங்க டவுனுக்குக் கிளம்புகிறார். 12.10, பெட்டி தானாகப் பூட்டை விடுகிறது. 12.50, வாங்கிவந்து, சுவிட்ச் 'ஆள்' பக்கமே இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே கை வைக்கிறார். காலத்தைக் காட்டத் தேவையில்லை என்று விட்டிருந்தால் இந்தக் கதையை எழுதவே முடியாது. மணியை எழுதியதுமே யோசனை கீழே விழுந்தது. பூட்டு தானாக விடுபடாது. தூரத்திலிருந்து விடுவிக்கவும் வழி கிடையாது. அதற்குப் பதில், யாராவது போடும் நம்பருக்கு அடித்தால் பெட்டி திருப்பி அடித்து "பெட்டியில் ஆள் வேலை செய்யறாங்க" என்று சொல்லும். மறந்துபோய்விட்டுப் போயிருந்தாலும் அதே வரிதான். சொந்தக்காரர் யாரையாவது அனுப்பி சுவிட்சைத் திருப்பச் சொல்ல வேண்டும். தொந்தரவுதான், இருக்கட்டும்.

இது முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டரைத் தொடுமுன் மெயினை ஆஃப் செய்வதும் கட்டையைப் பிடுங்குவதும் அப்படியே தொடர வேண்டிய பழக்கங்கள். பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டும் தாளில் அந்தப் படக்கட்டத்தையே சின்னதாக அச்சடித்துவிட்டோம்.

ஒரே பெட்டிக்குப் பல போன்கள் என்பது இன்னொரு கதை. அப்பா தோட்டத்தில், மகன் திருப்பூரில், இரண்டு நம்பரும் பதிவில். மகன் நிறுத்துகிறார், அப்பா டிரிப் ஆகிவிட்டதென்று நினைத்து மோட்டார் கொட்டகைக்கு நடக்கிறார். வரைந்து வைத்ததும் தீர்வு தானாகத் தெரிந்தது: ஒருவர் இயக்கினால் மற்ற நம்பருக்கு ஒரு குறுஞ்செய்தி. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ராத்திரிக் கதைதான் கொஞ்சம் இழுத்தது. த்ரீ பேஸ் வந்ததும் தானாக ஓடட்டும் என்று ஆட்டோவில் போட்டுவிட்டுப் படுப்பவர்கள் அதிகம். ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லா மோட்டாரும் கரண்ட் வந்த அதே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும், ஃப்யூஸ் போகும். அதனால் பெட்டிக்குப் பெட்டி தாமதத்தை மாற்றி வைக்கும் வசதி பழைய மாடலிலேயே இருந்தது. எங்கள் கேள்வி வேறு: ராத்திரி 2 மணிக்கு மோட்டார் ஓடியதும் பெட்டி போன் அடித்து எழுப்பலாமா? கட்டிலுக்குப் பக்கத்தில் போன், பக்கத்துக் கட்டிலில் வயதான மாமியார், தொட்டிலில் குழந்தை என்று வரைந்து வைத்தால் யாரும் சரி என்று சொல்ல மாட்டார்கள். நல்ல சேதிக்கு எழுப்ப வேண்டாம் என்று முடிவானது. ஆனால் வைத்த நேரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டால்? தோட்டத்துக்குத் தோட்டம் பதில் மாறியது. சொட்டுநீர் வைத்தவர்கள் காலையில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். வாய்க்காலில் பாய்ச்சி மடை மாற்றுகிறவர்கள் எழுப்பத்தான் வேண்டும் என்றார்கள், அவர்கள் எப்படியும் பாதி தூக்கத்தில்தான் இருக்கிறார்கள். இதை அமைப்பில் ஒரு தேர்வாக விட்டோம். பெட்டியை மாட்ட வரும் சர்வீஸ் ஆள் அந்தத் துண்டைக் காட்டிக் கேட்டுவிட்டு அமைத்துவிட்டுப் போவார். மெனுவைத் திறந்து இவர்களே மாற்றிக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.

பலகையிலிருந்து வேலைக்குப் போகும் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாத் துண்டுக்கும் எண் போட்டோம். ஃபர்ம்வேர் எழுதும் தம்பி பெட்டிக்கு வரக்கூடிய நிலைகளைப் பட்டியலிட்ட தன் அட்டவணையில் கடைசியாக ஒரு நெடுவரிசை சேர்த்து, எந்த நிலை எந்தத் துண்டில் வருகிறது என்று எழுதிவிட்டார். எந்தத் துண்டிலும் வராத நிலைகள் சில இருந்தன. அவற்றுக்குப் பெட்டி என்ன பேச வேண்டும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை என்று அர்த்தம். டெஸ்டிங்கிலும் துண்டுகளையே எடுத்துக்கொண்டோம். "கட்டம் 14ஐ ஓட்டிப் பார்" என்றால் எல்லோருக்கும் புரிந்தது. பழைய துண்டுகளைக் கிழிக்காமல், நிராகரித்த காரணத்தைப் பின்பக்கம் எழுதி வைப்பது நல்லது. தானாக விடுபடும் பூட்டு என்ற யோசனை புதிதாக வந்தவர்களிடமிருந்து மறுபடி மறுபடி முளைக்கிறது, 12.50 துண்டை எடுத்துக் கையில் கொடுத்தால் போதும்.

தீராத கட்டம் ஒன்று இன்னும் பலகையில் இருக்கிறது. சிம்மின் வேலிடிட்டி முடிந்துபோகும் நாள். பெட்டிக்குள் இருப்பது 2ஜி மாட்யூல். ஜியோ சிம் அதில் வேலை செய்யாது, மற்ற கம்பெனி சிம்தான். அதற்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் பெட்டியால் வெளியே அடிக்க முடியாது, அடிக்க முடியவில்லை என்று சொல்லவும் முடியாது. மேல் வரிசையில் ஆள் அடித்துக்கொண்டே இருக்கிறார், கீழ் வரிசையில் பெட்டி விளக்கு எரிய நன்றாகத்தான் இருக்கிறது. முடிவதற்கு முன்பே பெட்டி ஞாபகப்படுத்த வேண்டும் என்றால், எப்போது ரீசார்ஜ் செய்தார்கள் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அதை அக்காவே சொல்வாரா, ரீசார்ஜ் செய்து கொடுக்கும் கடைக்காரர் சொல்வாரா, கம்பெனி சர்வரிலிருந்து சொல்வதா என்று மூன்று விதமாக வரைந்து வைத்திருக்கிறோம். கடைக்காரர் வரும் வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பெனியில் சர்வர் பக்கம் சாய்கிறார்கள். துண்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்து ரீசார்ஜ் கடைக்குப் போக வேண்டும்.